மயக்க மருந்து டாக்டரிடம் கழுத்தைப் பற்றி மறைக்காதீர்கள்

(நமது மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் நம்மில் பலருக்குக் கழுத்து, முதுகுப் பிரச்சினை இருப்பதால் இதைப் பேச வந்தேன்.

பொது மயக்கம் கொடுக்கும் பெரிய ஆபரேஷன்களில் நம்மால் சுயமாக மூச்சுவிட முடியாது. அதனால் மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைப்பார்கள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து அதை வைப்பதுதான் வழக்கம். கழுத்தெலும்புகள் ஒட்டிப்போனவருக்குத் தலை சாயாது. டியூபும் போகாமல், மாஸ்க் மூலமும் காற்று போகாவிட்டால் சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். கழுத்தை அழுத்திச் சாய்த்தால் எலும்பு முறியும் ஆபத்தும் உண்டு.

"முதுகில் ஊசி போட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். முதுகெலும்பு இறுகியவருக்கு அந்த ஊசி நுழைவதும் கடினம். கூனோ பக்கவாட்டு வளைவோ அதிகமாக இருந்தால் நுரையீரல் விரியவும் இடம் குறைவு.

என் தம்பிக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன், "சொன்னால் ஆபரேஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று பயந்து, கழுத்து விஷயத்தை மறைத்தான். மயக்க மருந்து டாக்டர், "மேலே ஃபேனைப் பாருங்கள்" என்றார். அவனால் முடியவில்லை. அவர் திருப்பி அனுப்பவில்லை. வேறு வழியில் செய்தார். தொண்டையை மரத்துப்போகச் செய்து, அவன் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக வளையும் ஸ்கோப்பை விட்டு, அதன் மேல் டியூபை இறக்கினார். பிறகுதான் மயக்கம். மூக்கு வழியாக ஸ்கோப் கொண்டு டியூப் வைத்ததை 1967-லேயே இங்கிலாந்து டாக்டர் பீட்டர் மர்ஃபி எழுதியிருக்கிறார்.

வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார்களே, அது டாக்டர் மல்லம்பட்டி 1985-ல் வெளியிட்ட சோதனை. அதையும் சடங்காக நினைக்காதீர்கள்.

மூன்று விஷயங்கள். ஒன்று, கழுத்து, முதுகு, தாடை பற்றி முதலிலேயே சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேயை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு, முன்பு டியூப் வைக்கச் சிரமப்பட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மூன்று, எப்படி டியூப் வைத்தார்கள் என்று எழுதி வாங்கி, பாஸ்புக் மாதிரி பத்திரமாக வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டாருக்கும் தெரிய வேண்டும். நள்ளிரவில் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போனால் நம்மால் பேச முடியாது. அந்தக் காகிதம் பேசும்.