எங்கள் வீட்டு முயலுக்கு நாலு கால்

நடுவர் அவர்களே, பிள்ளைகள் பெற்றோரை வழிக்குக் கொண்டுவருவது அடம் பிடித்தா, எடுத்துச் சொல்லியா? எடுத்துச் சொல்லித்தான் என்கிறேன் நான். சாட்சி, எங்க வீட்டு முயல்.

எங்களுக்கு மதுரை. முயலை வீட்டுக்குள்ள விடணும்னு ஒரு நாள் பூரா சாப்பிடாம அடம் பிடிச்சேன். அப்பா அசரலை. "உன் சாப்பாட்டையும் முயலுக்கே போடு"ன்னார். (சிரிப்பு) முயல் மொட்டை மாடிக் கூண்டுக்குப் போச்சு. சித்திரை வெயில். நம்மளை மாதிரி முயலுக்கு வேர்க்காது ஐயா. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாத்தான் விடும். மூணாம் நாள் மத்தியானம் கூண்டைத் திறந்தேன். காது சுட்டது. மூச்சு இல்லை.

ஒரு வருஷம் கழிச்சு மறுபடி கேட்டேன். இந்தத் தடவை அழலை. அப்பா பக்கத்துல உட்கார்ந்தேன்.

"வீடு நாறும்"னார். ஒரே மூலையில போகப் பழகிக்கும், தட்டு வைப்போம், தினமும் நான் கழுவறேன்னேன்.

"வயரைக் கடிக்கும்"னார். பல்லு ஆயுசுக்கும் வளரும்பா, கடிக்கத்தான் செய்யும். புல்லு நிறையப் போடுவோம், வயரைக் குழாய்க்குள்ள விடுவோம்னேன்.

"எத்தனை நாளைக்கு?"ன்னார். 8, 10 வருஷம் இருக்கும், அதுவரைக்கும் என் பொறுப்புன்னேன்.

இன்னிக்கு அப்பா பேப்பர் படிக்கிறார், காலடியில முயல். (கைதட்டல்)

நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நின்னப்போ, ஒரு முயலைப் பறிகொடுத்தேன். நாலு காலையும் நிதானமா எண்ணிக் காட்டினப்போ, அது வீட்டுக்குள்ள வந்தது.