முதலில் அப்பீல், பிறகு ஹைகோர்ட்
(லைன் வீடுகளில் குடியிருக்கும் ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நம் லைன் வீடுகளுக்குப் பின்னால் கிடங்கு எழும்புகிறது. நடைபாதை போயிற்று, மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலும் அடைபடப் போகிறது. "அனுமதி வாங்கித்தான் கட்டுகிறோம்" என்கிறார் முதலாளி. "நாளைக்கே ஹைகோர்ட்டுக்குப் போவோம்" என்கிறீர்கள் நீங்கள். உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் வழி அதுவல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இப்படித்தான் அவசரப்பட்டோம். யோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்கு வீடு வசூலித்து ரிட் மனுப் போட்டோம். "சட்டத்தில் அப்பீல் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள்" என்று மனு தள்ளுபடியாயிற்று. எங்கள் பக்கத்து நியாயம் விசாரணைக்கே வரவில்லை. அதற்குள் தளம் போட்டு முடித்துவிட்டார்கள். கூலிக்காரன் காசு போயிற்று. காசைவிடப் பெரிதான நாளும் போயிற்று!

சட்டம் என்ன சொல்கிறது? 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 49-வது பிரிவின்படி அனுமதி தருகிறது. அந்த உத்தரவால் பாதிக்கப்பட்ட எவரும் அப்பீல் செய்யலாம் என்கிறது 79-வது பிரிவு. கெடு இரண்டு மாதம்.

அப்படியானால் ஹைகோர்ட் கதவு நமக்கு அடைத்துவிட்டதா? இல்லை. அவசரநிலைக் காலத்தில், 1976-இல், 42-வது திருத்தம் வேறு நிவாரணம் இருந்தால் பெரும்பாலான ரிட் மனுக்களை ஏற்கக் கூடாதென்று அரசியல் சட்டத்திலேயே எழுதிற்று. 1978-இல் 44-வது திருத்தம் அதை நீக்கிற்று. அதிகாரமில்லாதவர் போட்ட உத்தரவு, நம்மைக் கேட்க வேண்டிய இடத்தில் கேளாமல் போட்ட உத்தரவு, அடிப்படை உரிமையைப் பறிக்கும் உத்தரவு: இவற்றுக்கு நேரே ஹைகோர்ட் போகலாம் என்று சுப்ரீம் கோர்ட் 1998-இல் மீண்டும் சொல்லியிருக்கிறது. நம் வழக்கு அதில் சேருமா என்பதை வக்கீலிடம் கேட்டுத் தெளிவோம். சேராவிட்டால் அப்பீல்தான் முதல் படி.

இன்றே செய்ய வேண்டியது இது. அனுமதி உத்தரவு, வரைபட நகல்களுக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். பதிலுக்கு முப்பது நாள் ஆகலாம். ஆகவே ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அப்பீலிலேயே, விசாரணை முடியும்வரை வேலையை நிறுத்தும்படி கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ரசீது வாங்கிச் சங்கத்தில் வையுங்கள். அதிகாரி மனுவைக் கிடப்பில் போட்டால், ஹைகோர்ட்டில் நமக்காகப் பேசப் போவது அந்த ரசீதுதான்.

காகிதம் மட்டும் காரியம் சாதிக்காது, தோழர்களே! திங்கட்கிழமை மனுவோடு ஒருவர் அல்ல, லைன் முழுவதும் காரியாலய வாசலில் நிற்போம்!