ஆங்கிலப் பாடமும் அன்றாடச் செய்தியும்
(பெற்றோர் கூட்டத்தில் எங்கள் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே, ஷிஃப்டு முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் சகோதரர்களே, அடுப்பு வேலையை முடித்துப் பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் எங்கள் கல்விக் குழுவின் நன்றி.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் உதவித்தொகை விண்ணப்பம், நோட்டுப் புத்தகம், பள்ளிக் கட்டணம் என்று பேசுவோம். அவற்றைக் கூட்டத்தின் முடிவில் வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது எங்கள் தவறு.

நம் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவி அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். பாராட்டிவிட்டு எங்களில் ஒருவர், "கடைசிப் பாடம் என்று ஒரு கதை இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லும்மா" என்று கேட்டார். அந்தப் பிள்ளை மூச்சு விடாமல் ஒரு பத்தி ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. "மாஷா அல்லாஹ். சரி, கதையைத் தமிழில் சொல்லு" என்றோம். பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்: "கைடுல கதை இல்ல சார், ஆன்ஸர் மட்டும்தான் இருக்கு."

அந்தக் கைடை வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள். பல வருடங்களாக வருடா வருடம் வாங்கிக் கொடுத்து, அதைக் கல்விப் பணி என்று ஆண்டறிக்கையிலும் எழுதியிருக்கிறோம்.

அவள் படிக்காமல் விட்ட அந்தக் கதையையே இன்று உங்களுக்குச் சொல்கிறோம். எழுதியவர் அல்ஃபோன்ஸ் தோதே என்ற பிரெஞ்சு எழுத்தாளர். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரான்ஸ் தோற்றது. அல்சாஸ் என்ற எல்லைப் பகுதி ஜெர்மானியர் கைக்குப் போனது. இனிமேல் பள்ளியில் ஜெர்மன் மொழி மட்டுமே சொல்லித்தர வேண்டும் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. அது தெரியாமல் ஃபிரான்ஸ் என்ற சிறுவன் பாடம் படிக்காமல், நேரமும் கழித்துப் பயந்துகொண்டே பள்ளிக்குள் நுழைகிறான். ஆசிரியர் திட்டவில்லை. அன்றுதான் அவர் நடத்தும் கடைசி பிரெஞ்சு வகுப்பு.

அந்த வகுப்பில் ஒரு காட்சி. எப்போதும் காலியாகக் கிடக்கும் பின் பெஞ்சுகளில் ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கிழவர் பழைய அரிச்சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு சேர்ந்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். பள்ளி இருந்த நாளில் வராமல் விட்டோமே என்ற வருத்தம் அவர்களுக்கு.

ஆசிரியர் பழியைப் பிள்ளைகள் மேல் மட்டும் போடவில்லை. நாலு காசு கூடுதலாக வரட்டும் என்று வயலுக்கும் மில்லுக்கும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரையும் சொல்கிறார். என் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினேன், நான் மீன் பிடிக்கப் போகும் நாளில் உங்களுக்கு லீவு விட்டேன் என்று தம்மையும் சொல்லிக்கொள்கிறார்.

காஞ்சிபுரத்தில் இருக்கும் நமக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்க வேண்டும். பட்டுப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வை வேலைக்குத் தறியில் இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் இந்த ஊரில் அந்த இன்னொரு கை பல வீடுகளில் பிள்ளையின் கையாக இருந்தது. பள்ளிக்கூட மணி அடிக்கும்போது தறிக் குழியோரம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அரசும் தொண்டு நிறுவனங்களும் பாடுபட்டுத்தான் அவர்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பள்ளிக்குப் போன பிள்ளைக்குக் கதை போய்ச் சேர்ந்ததா என்று நாம் கேட்பதில்லை.

"பாஸ் ஆனால் போதாதா? 100க்கு 35 எடுத்தால் முடிந்தது. கதை என்ன சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். நியாயமான கேள்வி. அதே பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்திலிருந்து இன்னொரு கதையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறோம்.

ஜேம்ஸ் தர்பர் என்ற அமெரிக்கர் எழுதிய நகைச்சுவைக் கதை அது. நள்ளிரவில் ஒரு வீட்டில் கீழே யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. பையன் தன் சகோதரனை எழுப்புகிறான். அம்மா விழித்து, திருடன் என்று முடிவு செய்து, பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி உடையும்படி செருப்பை எறிந்து கத்துகிறார். பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுகிறார். போலீஸ் கதவை உடைத்து உள்ளே வருகிறது. மாடியில் தூங்கிய தாத்தா அவர்களைப் படையிலிருந்து தப்பி ஓடிவந்த சிப்பாய்களாக நினைத்துச் சுட்டுவிடுகிறார். ஒரு போலீஸ்காரர் தோளில் குண்டு. வீடு முழுக்கத் தேடியும் திருடன் இல்லை.

வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நம் ஆசிரியை 2018 மே மாதம் நடந்ததைச் சொன்னார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். நம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே, கோயிலுக்குப் போக வந்த சென்னைக் குடும்பம் ஒன்றை வழியில் ஊர் மக்கள் சூழ்ந்துகொண்டார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். நாட்டில் வேறு இடங்களிலும் இப்படி உயிர்கள் போயின. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு மாணவன் எழுந்து, "கதையில கடைசி வரைக்கும் யாரும் கீழ போய்ப் பார்க்கவே இல்லையே மிஸ்" என்றான். கைடில் இல்லாத பதில் அது. சோறு போடுமா என்று கேட்டீர்களே, அந்தப் பதிலுக்குத் தேர்வில் மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். ஆனால் சத்தம் கேட்டதும் செருப்பை எறியாமல், கீழே இறங்கிப் போய்ப் பார்க்கிற புத்தி அவனுக்கு வாழ்நாள் முழுதும் வேண்டும். வந்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்திலேயே நமக்கு இடப்பட்ட கட்டளை. அதற்கான பயிற்சி ஆங்கில வகுப்பிலும் கிடைக்கிறது.

இன்னொரு நாள் நடந்தது கொஞ்சம் கசப்பானது. நம் மாலை வகுப்பில் எல்லாச் சமுதாயப் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்கள். ஒருவன் நம் வீட்டுப் பிள்ளை, ஒருவன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. இருவர் போனிலும் ஆளுக்கொரு வீடியோ. இவன் வீடியோ அவன் மக்களைப் பற்றி மோசமாகச் சொன்னது. அவன் வீடியோ இவன் மக்களைப் பற்றி. பேச்சு முற்றிச் சட்டையைப் பிடிக்கும் நிலை.

ஆசிரியை இரண்டு போனையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினார். இதைச் சொன்னது யார்? எப்போது நடந்தது? எந்த ஊரில்? இருவரும் சேர்ந்தே தேட வேண்டும் என்றார். அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. இரண்டுமே பழைய வீடியோக்கள், இரண்டுமே வேறு எங்கோ எடுத்தவை. இரண்டு பேரும் ஏற்கெனவே பல குரூப்புகளுக்கு அனுப்பியிருந்தார்கள். "நான் அனுப்பியது தவறான செய்தி" என்று அதே குரூப்புகளில் எழுத வேண்டும் என்றார் ஆசிரியை. யார் முதலில் எழுதுவது என்று இருவரும் தயங்கினார்கள். கடைசியில் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள்.

மறுநாள் ஜேம்ஸ் கிர்கப் எழுதிய கவிதையை நடத்தினார். எந்த மனிதனும் அந்நியனல்ல என்பது அதன் பொருள். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, காட்டிலும் வயலிலும் வேலை செய்தவர் அந்தக் கவிஞர். அது தெரிந்த பிறகு பிள்ளைகள் கவிதையை வேறு மாதிரி படித்தார்கள். காஸாவைப் பற்றிக் கேட்டார்கள், உக்ரைனைப் பற்றிக் கேட்டார்கள். எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம், தெரியாததை அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து சொன்னோம்.

இதைக் கேள்விப்பட்டுச் சில பெற்றோர் எங்களிடம் வந்தார்கள். "நம்ம பிள்ளைங்க இதெல்லாம் பேசினா வம்புங்க. வாயை மூடிட்டுப் படிச்சிட்டு வரட்டும்" என்றார்கள். அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. காலம் அப்படி. ஆனால் வகுப்பில் வாயை மூடிய பிள்ளை போனில் மூடுவதில்லை. அங்கே கேள்வி கேட்க ஆசிரியர் இல்லை, பக்கத்தில் உட்கார மாற்று வீட்டுப் பிள்ளை இல்லை. ஆதாரத்தோடு, மரியாதையோடு, எதிரில் இருப்பவனின் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகும் இடம் வகுப்பறைதான்.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1909இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, இங்கே பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்பக் கஷ்டத்தால் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சில காலம் வேலை பார்த்தார். பிறகு சென்னையில் கல்லூரிப் படிப்பு. ஆங்கில ஆசிரியராகவும் கொஞ்ச காலம் இருந்தார். 1942இல் இந்த ஊரிலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். 1962இல் மாநிலங்களவைக்குப் போனபோது தம் மக்களின் வழக்கை அவரால் ஆங்கிலத்தில் எடுத்துவைக்க முடிந்தது. ஒப்பித்த ஆங்கிலம் அதற்கு உதவியிருக்காது.

செய்தி என்றால் சண்டையும் வதந்தியும் மட்டும்தானா என்று பெண் பிள்ளைகள் கேட்டார்கள். அதே புத்தகத்தில் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2018 மே மாதம் திரும்பிய ஆறு கடற்படைப் பெண் அதிகாரிகளைப் பற்றிய பாடம் இருக்கிறது. பாடம் அதோடு முடிகிறது, செய்தி முடியவில்லை. அதே தாரிணியில் 2024 அக்டோபர் 2ஆம் தேதி தில்னா, ரூபா என்ற இரண்டு அதிகாரிகள் மட்டும் புறப்பட்டு, 2025 மே மாத இறுதியில் கோவா திரும்பினார்கள். தில்னா கோழிக்கோடு, ரூபா புதுச்சேரி. இந்தச் செய்தியை நாளிதழில் தேடி எடுத்து, பாடத்தின் பக்கத்தில் ஒட்டி வைத்தாள் ஒரு மாணவி. ஆரம்பத்தில் சொன்னோமே, ஒப்பித்த பிள்ளை, அவள்தான். ஒட்டிய கையோடு இரண்டு வரி ஆங்கிலத்தில் அவளே எழுதினாள். அதில் இரண்டு பிழை இருந்தது. எங்களுக்கு அந்தப் பழைய மதிப்பெண்ணைவிட இந்தப் பிழைகள் சந்தோஷம் தந்தன.

இப்போது நாம் செய்ய வேண்டியது என்ன? அடுத்த ஆண்டிலிருந்து கைடுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை வகுப்புக்கு நாளிதழும் கதைப் புத்தகங்களும் வாங்கச் செலவிடுவது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

ஒன்று, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம். "இன்னைக்கு என்ன கதை நடத்தினாங்க? அதுல யார் செஞ்சது சரி? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?" என்று கேளுங்கள். தமிழில் கேளுங்கள், வீட்டில் உருது பேசுபவர்கள் உருதுவில் கேளுங்கள். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகாத நன்னியும் தாதியும் இதைக் கேட்கலாம். கதையைத் தன் மொழியில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஏதாவது இருக்கும்.

இரண்டு, போனில் வந்த எதையும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். யார், எப்போது, எங்கே. பிள்ளைகளுக்குச் சொல்லும் முன் நாம் செய்ய வேண்டும். எங்கள் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பையும் சேர்த்தே சொல்கிறோம்.

மூன்று, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அங்கே கழிப்பறையும் குடிநீரும் பேசுவது அவசியம். அதோடு, "பிள்ளைகளுக்குக் கதையை முழுசா வாசிச்சுக் காட்டுங்க, அவங்களைப் பேச விடுங்க" என்றும் ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். கேட்கிற பெற்றோர் இருந்தால் நல்ல ஆசிரியருக்கு அது பலம்.

அல்சாஸ் கிராமத்துப் பெரியவர்கள் கடைசி நாளில் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நமக்கு இன்னும் பள்ளி நாட்கள் இருக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நம் மாலை வகுப்பில் பிள்ளைகளே கதை சொல்லப்போகிறார்கள். பின்வரிசையில் உங்களுக்காகப் பாய் விரித்து வைத்திருப்போம், இன்ஷா அல்லாஹ். வந்து உட்காருங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல இறைவன் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.