மணக்காட்சியும் மனக்காட்சியும்

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களிலும் இன்று புகைப்படக் கடைப் பலகைகளில் 'கேண்டிட்' என்றொரு சொல் இடம்பெற்றுவிட்டது. மணமக்களை நிறுத்தி வைத்து எடுக்காமல், அவர்கள் தம்மை மறந்திருக்கும் வேளையில், உள்ளத்து உணர்ச்சி முகத்தில் தோன்றும் நொடியைப் பிடிப்பது என்பது அதன் பொருள். சொல் புதிது, ஆங்கிலத்திலிருந்து வந்தது. அச்சொல் குறிக்கும் பொருளுக்கோ தொல்காப்பியர் ஓர் இயலையே ஒதுக்கியுள்ளார். உள்ளத்தில் நிகழ்வது உடலின் வழியே பிறர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டோடு அவர் நின்றுவிடவில்லை. தலைவனை எதிர்ப்பட்ட தலைவியிடம் தோன்றும் சின்னஞ்சிறு அசைவுகளையும் நிரல்படுத்துகிறார். நெற்றி வியர்க்கிறது. எழுந்த சிரிப்பை மறைக்கிறாள். கூந்தல் அவிழ்கிறது. காதணி ஒன்று கழல்கிறது. அணிந்த நகைகளைத் தடவிப் பார்க்கிறாள். உடுத்த உடையைத் தளர்த்தி மீண்டும் உடுத்துகிறாள். மண்டபத்தில் படக்கருவியோடு நிற்கும் இளைஞர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரும் உணர்வுடையார்க்கன்றி மெய்ப்பாட்டின் நயம் விளங்காது என்று அவ்வியலின் இறுதியில் அவர் எச்சரிக்கவும் செய்கிறார். கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும் அவ்வெச்சரிக்கைக்கு விலக்கில்லை.

பழைய திருமணப் படங்களில் இம்மெய்ப்பாடுகள் ஏன் காணப்படவில்லை? அக்காலத்தவர் கூச்சம் மிகுந்தோர் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பகுதிக் காரணம் படச்சுருளில் இருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் படமெடுத்த காலத்தில், தாலி கட்டி முடிந்தபின் மணமக்கள் ஸ்டுடியோவுக்கே சென்று, மாளிகைப் படிக்கட்டும் பூந்தொட்டியும் தீட்டிய திரைக்கு முன்னே நின்று படமெடுத்துக் கொள்வது பல ஊர்களில் வழக்கமாயிருந்தது. பின்னர் யாஷிகா, ரோலிஃப்ளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கருவிகள் மண்டபத்துக்குள் வந்தன. அவற்றில் 120 என்னும் அகலச் சுருளில் சதுரப் படங்கள் பன்னிரண்டே கிடைக்கும். உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' சுருள்கள் சந்தைக்கு வந்த பின்னரும், சுருளை எண்ணி எண்ணியே செலவிட வேண்டியிருந்தது. ஒரு திருமணத்துக்கு மூன்று சுருள் என்றால் முப்பத்தாறு படம். தாலிகட்டு, அட்சதை, தாய்மாமன் சீர், இரு வீட்டுப் பெரியவர்கள், ஊர்ப் பிரமுகர் என்று அனைத்தும் அம்முப்பத்தாறுக்குள் அடங்கியாக வேண்டும். மணமகள் எப்பொழுது தன்னை மறந்து சிரிப்பாள் என்று காத்திருந்து ஒரு படத்தை வீணாக்க எவர் துணிவார்? அதனால்தான் "அசையாதீர்கள்" என்ற கட்டளை. கழுவிய நெகடிவின்மீது கூர்மையான பென்சிலால் அம்மைத் தழும்பையும் நெற்றிச் சுருக்கத்தையும் மறைத்த 'டச்சிங்' கலைஞரின் திறமை வேறு. எஞ்சியிருந்த மெய்ப்பாட்டையும் அது துடைத்துவிட்டது.

எனினும் அப்படங்களை இகழ்வது நன்றியின்மை. மேடையில் வரிசையாக நின்ற அக்குழுப் படத்தில்தான் எத்தனையோ குடும்பங்களின் பாட்டியார் வாழ்நாளில் ஒரே முறை படக்கருவியின் முன் நின்றார். அவர் மறைந்த அன்று பிள்ளைகள் அப்படத்தை எடுத்துச் சென்று, சுற்றிலும் நிற்போரை நீக்கி, அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலையிட்டனர். பேத்தியின் திருமணத்தில் எடுத்த முகமே அவருடைய இறுதி முகமாயிற்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு 2010களில் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்வடிவில் சேமிக்கத் தொடங்கியபோது, அப்படங்கள் சமூக வரலாற்று ஆவணம் என்னும் தகுதியையும் பெற்றன. இன்றைய 'கேண்டிட்' தொகுப்புகளில் மணமக்களின் முகம் நூறு கோணங்களில் உண்டு. ஓரத்து நாற்காலியில் அமர்ந்த பெரியப்பாவைத் தேடித்தான் காண வேண்டும்.

எண்பதுகளில் வண்ணப் படமும், அதனை அடுத்து வீடியோவும் பரவின. வீடியோ விளக்கின் வெப்பத்தில் மணமக்களின் நெற்றி வியர்த்ததுண்டு. அது தொல்காப்பியர் சொன்ன வியர்வையன்று. இரண்டாயிரத்துக்குப் பின் மின்னணுக் கருவி வந்து படச்சுருளின் கஞ்சத்தனத்தை ஒழித்தது. ஆயிரக்கணக்கில் எடுக்கலாம்; வேண்டாதவற்றை அழிக்கலாம். குறைந்த ஒளியிலும் பளிச்சென்ற விளக்கின்றி எடுக்கலாம் என்பது அதனினும் பெரிய மாற்றம். வெளிச்சம் வெட்டினால் மெய்ப்பாடு ஓடிவிடும். அது வெட்டாமையால் தங்குகிறது. தொலைவிலிருந்து எடுக்கும் நீண்ட லென்சும் அவ்வாறே.

இவ்வளவு வசதி வந்தபின் நிகழ்ந்ததோ விந்தை. "அண்ணா, அவங்க காதுல ஏதாச்சும் சொல்லுங்க; அக்கா, நீங்க குனிஞ்சு சிரிங்க" என்று படக்காரர் சொல்லிக்கொடுக்க, இயல்பு நிகழ்ச்சி இயற்றப்படுகிறது. நில் என்றால் நின்ற பழைய மணமக்கள் தாம் நிற்பதை மறைக்கவில்லை. சிரி என்றதால் சிரித்த படமோ தானே எழுந்த சிரிப்புப் போலத் தோன்ற முயல்கிறது. இவ்விரண்டனுள் நேர்மையானது பழையதே. இவ்வுரை கவிஞர்கள் நிறைந்த அவையில் நிகழ்வதால் ஒன்றைக் கூறலாம்: கண்ணீரை வரவழைத்து எழுதிய கவிதைக்கும் இது பொருந்தும்.

இயல்பு நொடியைத் தன் கலையின் உயிராகக் கொண்டவர் பிரெஞ்சுப் படக்கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன். அவர் நமக்கு அயலார் அல்லர். தருமபுரியை அடுத்த திருவண்ணாமலையில், 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரமண மகரிஷி மறைந்தபோது ஆசிரமத்தில் இருந்தவர். சிறிய லைக்கா கருவியோடு, காட்சியை மாற்றாமல், ஆளை நிறுத்தாமல், செயற்கை ஒளியை நாடாமல் எடுப்பதே அவர் நெறி. 1952இல் அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் அதற்குத் 'தீர்மானிக்கும் நொடி' என்று பொருள்படும் பெயர் இட்டனர். அப்பெயரே உலகெங்கும் பரவிற்று. பிரெஞ்சு மூலப்பெயரின் பொருளோ வேறு. உரிமமின்றித் தெருவில் கடைவிரித்து, காவலரைக் கண்டதும் சுருட்டிக்கொண்டு ஓட ஆயத்தமாயிருக்கும் வணிகரின் அவசரத்தைக் குறிக்கும் தொடர் அது. ஓட்டத்தில், ஒளித்து எடுத்த படங்கள் என்று கொள்ளலாம். ஆங்கிலப் பெயரில் பெருமை இருக்கிறது. பிரெஞ்சுப் பெயரில் சிறிது குற்றவுணர்ச்சியும் இருக்கிறது. பிறர் அறியாத நேரத்தில் அவர் முகத்தை எடுத்துக்கொள்வதில் ஒரு களவு உண்டு என்பதை அது மறைக்கவில்லை.

தமிழில் இருவகைத் திருமணப் படங்களும் உண்டு. இளங்கோவடிகள் மங்கல வாழ்த்துப் பாடலில் காட்டுவது மேடைப் படம். நீலப் பட்டு விதானம், முத்துப் பந்தர், தீவலம், பாலிகையும் விளக்கும் ஏந்திய மகளிர் எல்லாம் உண்டு. பன்னீராண்டு அகவையை ஒட்டிய கண்ணகி என்ன நினைத்தாள், தலையை உயர்த்தினாளா, தாழ்த்தினாளா என்று ஒரு சொல் இல்லை. கண்டோர் கண் செய்த தவத்தையே வியக்கிறார். அது புலமைக் குறையன்று. அக்கண்ணகி வாய்திறக்க வேண்டிய இடம் மதுரை அரசவை. இங்கே அவளை மேடையில் வாளா நிறுத்துகிறார்.

அகநானூற்றில் இரண்டு பாடல்கள் வேறு வகையின. நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாட்டில் உழுந்துக் களி, நிரையாகக் கால்நட்ட பந்தர், புதுமணல், விளக்கு, விடியற்கு முன்னைய நல்வேளை, தலையில் குடம் ஏந்திய முதுமகளிரின் ஆரவாரம், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீர் சொரிந்து வாழ்த்துதல் எனச் சடங்கு ஒன்றும் விடுபடவில்லை. அதன்பின் இரவு. கோடிப் புடவைக்குள் ஒடுங்கியவளின் முகத்திரையை அவன் விலக்க, அவள் அஞ்சிப் பெருமூச்செறிகிறாள். மனத்தில் உள்ளதை மறையாது சொல் என்கிறான். அவள் சொல்லவில்லை. உவகை உள்ளே பொங்க, முகம் கீழ்நோக்குகிறது. பாட்டில் அவள் பேசிய சொல் ஒன்றுமில்லை. முகம் கவிழ்ந்த அந்நொடி இரண்டாயிரம் ஆண்டாக நிற்கிறது.

விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாட்டிலும் விருந்து, புள் நிமித்தம், திங்களும் உரோகிணியும் கூடிய நாள், முரசு, வாகையிலையும் அருகும் சேர்த்துக் கட்டிய வெண்ணூல் என்று முறை பிறழாமல் வருகிறது. முடிவில், புழுக்கத்தால் நெற்றி வியர்த்திருக்கிறதே, சிறிது காற்று வரட்டும் என்று அவன் போர்வையைத் திறக்கிறான். உறையினின்று எடுத்த வாள்போல் அவள் உருவம் பளிச்சிடுகிறது. மறைக்க வேறொன்றும் அறியாதவள் தன் கருங்கூந்தலையே திரையாக்கி நாணி வணங்குகிறாள். தொல்காப்பியர் வகுத்த வியர்த்த நெற்றி இங்கே வந்துவிட்டது. கூந்தல் மட்டும் வேறு தொழில் பூண்டது.

இப்புலவர் இருவரும் சடங்கைத் துறந்து நொடியைப் பிடிக்கவில்லை என்பது கருதத்தக்கது. களியும் மணலும் குடமும் முதலில் வராவிடில், கவிழ்ந்த முகத்துக்கு எடை இராது. படக்கலைக்கும் இதுவே வழி. சடங்கின் வரிசையை அறிந்தவரே அடுத்த நொடி எங்கே வெடிக்கும் என்று முன்கூட்டிச் சென்று நிற்க இயலும். தாலி கட்டும்போது எல்லாக் கருவிகளும் முடிச்சை நோக்குகின்றன. அவ்வேளையில் பெண்ணின் தந்தை மேல்துண்டின் நுனியை எங்கே கொண்டு போகிறார்? கெட்டிமேளத்துக்காக நாதசுரக்காரர் யாருடைய விரலைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்? அடுத்த முடிச்சுப் போட வந்த நாத்தனாரின் கை நடுங்குகிறதா? ஓசூர்ச் சாலையை ஒட்டிய இவ்வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. ஊர்ப்பெயரில் உள்ள 'ஹள்ளி'யே சான்று. தெலுங்கு வழக்குடைய குடும்பங்களில் மணமக்களுக்கிடையே திரை பிடித்து, நல்வேளையில் சீரகமும் வெல்லமும் ஒருவர் தலையில் மற்றவர் வைப்பர். பின் திரை விலகும். அகநானூற்றுத் தலைவன் தனியறையில் விலக்கிய முகத்திரையை இச்சடங்கு அவை நடுவே விலக்குகிறது. மெய்ப்பாட்டை வரவழைக்கவே மூதாதையர் வைத்த நொடி போலும்! அதற்கு "சிரிங்க" என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, அந்நொடி யாருக்குரியது என்பது. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. 86ஆம் பாட்டின் தலைவன் தன் வாயிலை மறுத்த தோழியிடம் அந்நினைவைச் சொல்கிறான். 136ஆம் பாட்டில் தன் நெஞ்சுக்கே சொல்லிக்கொள்கிறான். தலைவியின் ஊடல் தணியாத வேளை அது. பூசல் மூண்ட வீட்டில் திருமண ஆல்பத்தைத் தனியே எடுத்துப் புரட்டும் கணவனை இதனோடு ஒப்பிடலாம். இரண்டிலும் ஊரார் காட்சிக்கு அந்நொடி வைக்கப்படவில்லை, பெயரும் இல்லை. இன்றோ, பிறந்தகம் நீங்கும் மகளின் அழுகை மாலைக்குள் படக்காரரின் விளம்பரமாகக் கைப்பேசிதோறும் சுற்றுகிறது. ஊரும் பெயரும் உடன் வருகின்றன.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, ஒருவர் வேண்டுகோளின்படி கைம்மாறு பெற்று எடுத்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அதை வேண்டியவரே. ஆகவே விளம்பரத்துக்கு அவர் இசைவு வேண்டும். ஆனால் வேண்டியவர் யார்? முன்பணம் கொடுத்தவர் பெரும்பாலும் பெண்ணின் தந்தை, அல்லது மாப்பிள்ளை வீட்டார். அழுதவளுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் நாளிலும் கணினியின் முன் அமர்வோர் வீட்டு ஆண்களே. அந்நாளில் மணமகளுக்கும் ஒரு நாற்காலி போட்டு, "இதனை வைக்கலாமா, இதனை வெளியே காட்டலாமா" என்று அவளிடமே கேட்கும் படக்காரர்களும் உண்டு. அவள் "வேண்டாம்" என்று ஒதுக்குவனவற்றுள் மிகச் சிறந்த படங்கள் சில இருக்கக்கூடும். அவற்றையும் அச்சிட்டு, உறையிலிட்டு, அவள் கையிலேயே கொடுத்துவிடலாம்.