ஆறு குறியுருக்களும் ஒரு கோல நோட்டும்



கோல நோட்டு இல்லாத வீடு நம் காவிரிக் கரையில் அருமை. கணக்கு நோட்டு ஒன்றில் புள்ளிகளை வரிசையாக வைத்து, அவற்றைச் சுற்றிக் கோடுகளை வளைத்து எழுதி, மார்கழி வந்தால் எடுத்துப் புரட்டுவார்கள். என் தமக்கையாரிடமும் அத்தகைய நோட்டு ஒன்று இருந்தது. அவர் வாழ்க்கைப்பட்ட ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அருகே. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடிவதற்கு முன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபோது, அவ்வீட்டின் ஓடுகள் பறந்தன. மழை உள்ளே இறங்கிற்று. தென்னைகள் அடியோடு சாய்ந்து கிடந்த துயரத்தில் நோட்டை யார் நினைப்பார்? ஒரு திங்கள் கழித்தே அக்கா அதைக் கண்டெடுத்தார். மைக்கோடுகள் பல இடங்களில் கரைந்து நீலத் திட்டுகளாகி இருந்தன. "தம்பி, இதைப் பார்த்துப் புதிதாக எழுதிக் கொடு. எனக்குக் கை நடுங்குகிறது" என்று என்னிடம் தந்தார்.

அந்த நோட்டை மீட்ட முறையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இதில் கணிப்பொறியும் வருகிறது. வயல் வரப்பும் வருகிறது.

கணிப்பொறியில் படங்கள் இருவகையாக அமையும். ஒன்று, நிறப் புள்ளிகளின் அடுக்கு. பெரிதாக்கினால் ஓரம் பிசிறு தட்டும். மற்றொன்று, கோடு எங்கே தொடங்கி, எவ்வாறு வளைந்து, எங்கே முடிகிறது என்னும் அளவுகளையே பதிந்து வைப்பது. இதனை வெக்டர் வரைவு என்பர். எத்துணை பெரிதாக்கினும் கோடு தெளிவாகவே நிற்கும். இவ்வகை வரைவுக்கென 2003இல் தோன்றி, விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள் இங்க்ஸ்கேப்.

அதைக் கற்றுக்கொண்ட புதிதில் ஓர் அறிவீனம் செய்தேன். ஐந்துக்கு ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றை, நோட்டைப் பார்த்துக் கோடு கோடாக இழுத்தேன். மூன்று மாலைப்பொழுதுகள் சென்றன. அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "கோடு மெல்லிசாக இருக்கிறதே, வளைவும் இப்படியா முறுக்கிக்கொண்டு நிற்கும்?" என்றார் அக்கா. இருபத்தைந்து புள்ளிகளையும் சுற்றியுள்ள வளைவுகளை ஒவ்வொன்றாக மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நான் கோலத்தை வரைந்தேனே தவிர, கோலம் எவற்றால் ஆனது என்று பார்க்கவில்லை.

நம் பக்கத்தில் கம்பிக் கோலம், சிக்குக் கோலம், நெளிக் கோலம் என்று பலவாறு வழங்கும் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்புள்ளிகளில் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சதுரத்துக்குள் அடைத்ததாக எண்ணுங்கள். அச்சதுரம் ஒரு வயல். நான்கு பக்கமும் வரப்பு. ஒவ்வொரு வரப்பின் நடுவிலும் ஒரு மடை. மடை திறந்திருந்தால் கோடு அடுத்த வயலுக்குள் செல்லும்; அங்கிருந்து வரும் கோடு அதே இடத்தில் அதைக் குறுக்கே வெட்டி இங்கே நுழையும். மடை அடைபட்டிருந்தால் கோடு திரும்பித் தன் புள்ளியையே சுற்றும். கோலம் முழுவதும் இவ்வளவே.

நான்கு மடைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. ஆகவே ஒரு வயலுக்குரிய வடிவங்கள் பதினாறு. ஆனால் அவற்றுள் பல, ஒன்றையே திருப்பி வைத்தவை. எல்லா மடையும் அடைபட்டால் வட்டம். ஒன்று திறந்தால் துளி. அதைத் திருப்பினால் நான்கு நிலை. எதிரெதிரே இரண்டு திறந்தால் கண். அதற்கு இரண்டு நிலை. அடுத்தடுத்து இரண்டு திறந்தால் மூலை, நான்கு நிலை. மூன்று திறந்தால் விசிறி, நான்கு நிலை. நான்கும் திறந்தால் வைரம், ஒரே நிலை. கூட்டிப் பாருங்கள், பதினாறு வரும். பெயர்கள் என் வசதிக்காக வைத்துக்கொண்டவை. ஆக, வரைய வேண்டியவை ஆறே உருவங்கள்!

கோலத்தை இவ்வாறு இலக்கணமாகப் பார்ப்பது எனது கண்டுபிடிப்பன்று. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தைக் கணிப்பொறி இலக்கணத்தோடு இணைத்து 1974இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். வாசலில் போடுகின்ற பெண்களோ அதற்கும் எத்தனையோ தலைமுறை முன்பே இதைக் கையால் அறிந்தவர்கள்.

இனி மென்பொருளுக்கு வருவோம். ஓர் உருவை ஒருமுறை வரைந்து, பெயரிட்டு வைத்து, வேண்டும் இடமெல்லாம் அழைத்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. அம்மென்பொருள் அதனைச் 'சிம்பல்' என்கிறது. நாம் குறியுரு எனலாம். இக்கருத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவர் ஐவன் சதர்லாண்ட். 1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் படைத்த ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலில் மூலப்படம் ஒன்று, அதன் தோற்றங்கள் பல. மூலத்தைத் திருத்தினால் தோற்றங்கள் யாவும் திருந்தின. கருத்தின் வேர் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு நடத்திய அச்சகத்தில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததே, அங்கும் ஓர் எழுத்துக்கு ஒரு கரு வெட்டி, அதிலிருந்துதானே பல ஈய எழுத்துகளை வார்த்திருக்க வேண்டும்? ஆனால் கருவைப் பின்னால் திருத்தினால் அச்சான பக்கம் திருந்தாது, திரையில் திருந்தும்.

செய்முறை கடினமன்று. கட்டக் கோடுகளைத் திரையில் காட்டச் செய்து, அவற்றின்மேல் கோடுகள் தாமே ஒட்டிக்கொள்ளும் வசதியை இயக்குங்கள். இருபது மில்லிமீட்டர் சதுரத்தின் நடுவே புள்ளி வைத்து உருவை வரையுங்கள். திறந்த மடையில் கோடு சரியாக வரப்பின் நடுப்புள்ளியில், நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் முடிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வயலின் கோட்டோடு பொருந்தாது. வரைந்ததை ஒன்றாகச் சேர்த்து, குறியுருப் பலகத்தைத் திறந்து அதில் சேர்த்துப் பெயரிடுங்கள். பிறகு பலகத்திலிருந்து இழுத்துத் தாளில் வைக்க வேண்டியதுதான். கோப்பைச் சேமித்து, மென்பொருளின் பயனர் கோப்புறையில் உள்ள 'சிம்பல்ஸ்' என்னும் பகுதியில் வைத்தால், மறுமுறை திறக்கையில் எந்தப் புதுத் தாளிலும் அவ்வாறும் காத்திருக்கும். ஒன்று மட்டும் மறவாதீர்கள்: ஒரு தாளில் மூலத்தைத் திருத்தினால் அந்தத் தாளின் தோற்றங்களே திருந்தும், முன்பே வேறு கோப்பில் போட்டவை தம் பழைய உருவிலேயே இருக்கும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. நான் அதில் விழுந்தேன். துளியைத் தொண்ணூறு பாகை திருப்பியதும் அது புள்ளியை விட்டு நகர்ந்துவிட்டது. காரணம் யாதெனில், மென்பொருள் உருவத்தின் நடுவைப் பற்றித் திருப்புகிறது; துளியின் ஒரு பக்கம் நீண்டிருப்பதால் அதன் நடு, புள்ளியின்மேல் இல்லை. பரிகாரம் எளிது. ஒவ்வொரு குறியுருவுக்குள்ளும் இருபது மில்லிமீட்டர்ச் சதுரம் ஒன்றை நிறத்தோடு வரைந்து, அந்நிறத்தின் அடர்த்தியைச் சுழியாக்கிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அச்சதுரம் உருவின் நடுவைப் புள்ளியிலேயே நிறுத்திவிடும். வரப்பு இல்லாத வயலுக்கு அளவேது!

குறியுருக்கள் கைக்கு வந்தபின் கணக்கும் விளையாட்டாகிவிடுகிறது. உள் மடைகள் எல்லாவற்றையும் திறந்து, வெளிவரப்பை மட்டும் அடைத்துப் பாருங்கள். ஐந்துக்கு நான்கு புள்ளியில் கோடு ஒன்றே ஒன்று. எடுத்த கை விடாமல் முடியும். மூன்றுக்கு மூன்றிலோ மூன்று தனிக் கோடுகள் பின்னிக் கிடக்கும். நீள அகலப் புள்ளிகளின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அதுவே கோடுகளின் எண்ணிக்கை. மூன்றை ஒன்றாக்க வேண்டுமா? இரண்டு வெவ்வேறு கோடுகள் வெட்டிக்கொள்ளும் மடை ஒன்றை அடையுங்கள், அவ்விரண்டும் ஒன்றாகிவிடும். மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்தால் ஒற்றைக் கம்பி. மடை இரு வயலுக்கும் பொது. ஆதலின் ஒவ்வொரு முறையும் இரண்டு குறியுருக்களை மாற்ற வேண்டும்.

இனி நீலத் திட்டுகள். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோடு முற்றும் அழிந்திருந்தாலும் கவலையில்லை. அதன் நான்கு மடைகளும் அண்டை வயல்களில் தெரியும். ஆகவே அங்கே வர வேண்டிய குறியுரு எது என்பதில் ஐயமே இராது. இவ்வாறு பக்கம் பக்கமாக மீண்டன. அடுத்தடுத்த இரு புள்ளிகள் அழிந்த இடத்தில்தான் இடர்ப்பாடு. அவற்றுக்கு இடைப்பட்ட மடை எந்த அண்டைக்கும் தெரியாது. இரு பாதியும் ஒத்த கோலமாயின் எதிர்ப்பாதியைப் பார்த்து நிரப்பினேன். ஏழுக்கு ஏழு கோலம் ஒன்று மட்டும் அவ்வாறு ஒத்ததன்று.

மடை திறந்தபடி ஒன்றும், அடைத்தபடி ஒன்றுமாக இரண்டு தாள்கள் ஆயத்தம் செய்து, அக்காவிடம் கொண்டு சென்றேன். எது சரி என்று மென்பொருள் சொல்லாது. அக்கா முதல் தாளில் விரலை வைத்துக் கோட்டைத் தொடர்ந்து போனார். பாதிக் கோலத்தைத் தொடாமலே விரல் தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றது. தாளைத் தள்ளி வைத்தார். இரண்டாவதில் விரல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றிக்கொண்டு, நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தது.

"இதுதான். மாட்டுப் பொங்கலுக்குத் தொழுவத்து முன்னால் அம்மா போடுவது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மூலையில் மட்டும் வளைவு இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், தம்பி" என்றார்.

அன்றிரவு 'மூலை' என்னும் குறியுரு ஒன்றைத் திருத்தினேன். அந்தத் தாளில் இருந்த மூலைகள் அத்தனையும் ஒருசேரத் தளர்ந்தன.