பரங்கிமலைக் கற்சிலுவை
(இராயபுரத்தில் ஆற்றிய உரை)



கடலோடிகளும் துறைமுகத் தொழிலாளரும் வாழும் இவ்வூரில், கடல்வழி வந்த ஓர் அடையாளத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

பரங்கிமலையில் 1547-இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவையை நீங்கள் அறிவீர்கள். அதனைச் சூழ்ந்துள்ள எழுத்து, பாரசீகத்துப் பகலவி. 'சிலுவை' என்னும் சொல்லோ சிரிய மொழியினின்று வந்தது. இவற்றை நாம் மறைக்க வேண்டுவதில்லை. வந்ததை வந்ததென்பதே வாய்மை.

ஆனால், அச்சிலுவையின் அடியில் விரிந்திருப்பது எது? தாமரை! மேல்வளைவின் இருபுறமும் நிற்பவை எவை? மகரம் என வடமொழியார் வழங்கும் சுறவ உருவங்கள்! நம் கோயிற் கல்வேலைகளில் நாளும் காண்பவை அல்லவா இவை? அதில் அறையுண்ட உடல் இல்லை. வெறுஞ்சிலுவை உயிர்த்தெழுதலையும், மேலிருந்து இறங்கும் புறா தூய ஆவியையும் குறிக்கும் என்பர்.

ஐரோப்பியர் இங்குக் கால்வைக்கும் முன்னரே, கிறித்தவம் இம்மண்ணின் கோலத்தை ஏற்றிருந்தது என்பதற்கு அக்கல்லே சான்று. அதனால் நெறி குன்றியதா? இல்லை, மண்ணில் வேரூன்றியது.

கிறித்தவ உடன்பிறப்புகளே! கல்லில் தாமரை மலர்ந்தது. உங்கள் மக்கட்குப் பெயரிடுகையில் மட்டும் தமிழ் மலரத் தடையென்ன? நெறி எதுவாயினும், பெயரும் வழிபாடும் தமிழாகுக!