சொல்லும்படியான மழை



பத்தாம் ஆண்டு நிறைவில் ஓர் ஆங்கில அடைமொழியைப் பற்றிப் பேச விழைகின்றேன். ‘அப்ரிஷியபிள்’ என்பது அச்சொல். அது என்னைத் தலைகுனிய வைத்த கதை இது.

சில ஆண்டுகளுக்கு முன், ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றின் ஆங்கிலக் குறிப்பைத் தொழிலாளர்க்காகத் தமிழாக்கித் தரக் கேட்டனர். மார்ச், ஏப்ரல் திங்கள்களில் ஏறக்குறைய ஓர் அங்குலமேனும் மழை பெய்தால்தான் காப்பி மொட்டுகள் முறையாக மலரும். பெய்த எட்டுப் பத்து நாளில் சேர்வராயன் சரிவுகள் வெண்மை பூத்து மணக்கும். அவ்வாண்டு வெறுந்தூறலே கண்டது; ஆகவே குளத்து நீரைத் தெளிப்பான்வழிப் பாய்ச்ச ஆள் வேண்டும் என்பதே செய்தி. நானோ, ‘பாராட்டத்தக்க மழை பெய்யவில்லை’ என எழுதிவிட்டேன். முனைவர் பட்டம் பெற்றவளின் தமிழ்!

படித்துக் காட்டியபோது முதிய பெண்மணி ஒருவர் கேட்டார்: “மழையப் பாராட்ட நாம யாரு அம்மணி? சொல்லும்படியா ஒரு மழ பெய்யல, அவ்வளவுதானே?”

இவ்வாங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் விலையைக் குறிப்பது. விலை மதிப்பிடுதல் பின்னர்ப் போற்றுதலும் ஆயிற்று. நம் ‘மதித்த’லும் அவ்வழியே நடந்ததுதான், அளவிடுதலும் அதுவே, போற்றுதலும் அதுவே. நான் பிந்திய பொருளைப் பற்றிக்கொண்டு வழுக்கினேன்.

மிகுதிக்குச் சொல் நமக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியர் உறு, தவ, நனி என மூன்றைத் தந்தார். நன்னூலார் சால, கூர், கழி என்பனவும் சேர்த்து ஆறாக்கினார். (கவிஞர்களாகிய நீங்கள் ஆறையும் தாராளமாகவே செலவிடுகின்றீர்கள்!) ஆயின் இங்கே ஒன்றும் உதவாது. இச்சொல் மிகுதியைச் சுட்டுவதன்று; புலனுக்கோ கருவிக்கோ தட்டுப்படும் அளவைச் சுட்டுவது. வானிலைத் துறையும் 2.5 மி.மீ. மழையேனும் பதிவானால்தான் அதை மழைநாளாகக் கணக்கிடுகின்றது. ‘கணிசமான’ என்றால் அளவு பெருத்துவிடும். ‘குறிப்பிடத்தக்க’ என்பதில் சிறப்பின் சாயல் ஏறிவிட்டது. ‘குறிப்பிடத்தக்க கவிஞர்’ என்று நம்மையே அழைக்கின்றார்களே!

‘சொல்லும்படியான’ என்பதிலோ அளவுகோல் நம் நாவு. வாய்திறந்து சொல்லுமளவு உண்டா, இல்லையா? பெரும்பாலும் ‘இல்லை’யோடுதான் அது வரும், ஆங்கிலச் சொல்லும் எதிர்மறையோடு இயல்பாகப் பொருந்துவதே.

குறிப்பை அங்கேயே திருத்தினேன். மறுநாள் காலை தெளிப்பான் குழாய்களைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கியவர்களுள் அப்பெண்மணியும் இருந்தார்.